எட்டு ஓம்

சுடாத உலோகத்துக்குச் சூட்டின் முகம் வரைவது
என் வேலை.
ப்ர்னோ நகரின் தென்கோடியில், ட்ராம் வளைந்து திரும்பும் இடத்தில்
தொழிற்சாலை.

தண்ணீரால் குளிரும் எஞ்சின், செதில்கள் தேவையில்லை
என்று எழுதிக் கொடுத்தேன்.
தேவையில்லைதான், இருக்கட்டும் என்றார் குபீச்செக்.
ஐம்பத்தாறாம் வருடத்து வண்டி மாதிரி தெரிய வேண்டும்,
ஐம்பத்தாறு மாதிரி எண்ணெய் ஒழுகக் கூடாது.

பதினோரு செதில்கள் வைத்தேன்.
இடைவெளி ஒன்பது மில்லிமீட்டர்.
காற்று நுழைய அல்ல,
ஞாயிற்றுக்கிழமை துடைக்கும் துணி நுழைய.

அசல் பழையது ஒன்று என்னிடமும் உண்டு,
உதைத்தால்தான் விழிக்கும்.
ஈர ரோட்டில், எண்பதில் போகையில்,
அது நிற்க அறுபத்து மூன்று மீட்டர் கேட்கும்.
புதியது முப்பத்தாறில் நின்றுவிடும்.
மிச்சமுள்ள இருபத்தேழு மீட்டருக்குள் எங்கோ
ஒரு மான் நின்றிருந்தது
போன அக்டோபரில், விசோச்சினா இறக்கத்தில்.
நல்லவேளை, அன்று நான் எடுத்துப் போனது பொய்ச் செதில்காரியை.
மான் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு
மெதுவாகத்தான் போனது.

வீட்டில் ஒட்டாக்கர்.
அவனுக்கு நான்கு வால்வு எரியும் ஆம்ப்ளிஃபயர்.
சூடேற இருபது நிமிடம், அதுவரை அவனோடு பேச முடியாது.
பாட்டுக்குச் சதை பிடிக்கிறது பார், என்பான்.
இரண்டாம் ஹார்மோனிக், மூன்று சதவீதம், என்பேன்.
உனக்கு அளக்கத்தான் தெரியும், என்பான்.
சண்டை இல்லை இது,
உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்பது போல ஒரு பேச்சு.

பிப்ரவரியில் ஒரு நாள் அவன் பல் வைத்தியரிடம் போயிருந்தான்.
கோபமா ஆர்வமா, இன்றுவரை தெரியவில்லை,
ஸ்பீக்கர் கம்பிகளை வால்விலிருந்து பிடுங்கி
சோப்புப் பெட்டி அளவு பிளாஸ்டிக் ஆம்ப் ஒன்றில் செருகி
அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.
ஒலிக்குமிழியிலிருந்து அதற்கு ஒரு கம்பி.
சுமையில்லாமல் எரியவிட்டால் டிரான்ஸ்பார்மர் செத்துப்போகும்,
அவ்வளவு பாவம் வேண்டாம் என்று
வால்வுகளுக்கு எட்டு ஓம் மின்தடைகள் இரண்டு கட்டினேன்.
அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும்
முழு வயலினையும் குடித்துவிட்டு
அந்தப் பீங்கான் துண்டுகள் சும்மா சூடாகிக்கொண்டிருந்தன.

ஒட்டாக்கர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:
கேட்டாயா, இந்தக் கதகதப்பை?
நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிரித்தேன்.
சிரித்ததற்கும் கண்ணீர் வந்தது.

இருபத்திரண்டாம் நாள்.
ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே
ம்ம்ம் என்று அந்தப் பழைய முனகல்.
பிளாஸ்டிக்குக்கு முனகத் தெரியாதே.
கத்தியோடு ஓடிப் போய்ப் பார்த்தேன்.
கம்பிகள் நான் செருகியபடியே இருந்தன.
நாற்காலியில் அவன்,
உதடு மூடியிருந்தது, தொண்டை அதிர்ந்தது.

எப்போதிலிருந்து, என்றேன்.
இரண்டாம் நாள்.
அது இல்லாமல் பாட்டு எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை, என்றான்.
கதகதப்பு என்றாயே?
நீ வெங்காயத்தை நிறுத்துகிறாயா என்று பார்த்தேன்.
தவிர, உன் சோப்புப் பெட்டி
நன்றாகத்தான் பாடுகிறது.

சொல்ல ஒன்றும் இல்லாமல், கைப்பேசியை எடுத்து
இன்னொரு தரம் முனகச் சொன்னேன்.
தொண்ணூற்றேழு ஹெர்ட்ஸ்.
வால்வு நூறில் முனகும், நீ மூன்று குறைவு, என்றேன்.
சளி, என்றான்.

கம்பிகளை இன்னும் மாற்றவில்லை.
வால்வுகள் தினமும் எரிகின்றன, மின்கட்டணம் பாதி பாதி.
மழையில் வந்த நாட்களில்
என் கையுறைகளை அவற்றின் மேல் தொங்கவிடுகிறேன்.
இடது கை முதலில் காய்கிறது.
ஏன் என்று அளக்க வேண்டும்.